ஹாஸ்ய ரஸமும் நகையும்

சென்ற மாதம் ஒரு வெளியூர்க் கூட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் உள்ளூர் வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்து, தங்கள் ஊர்க் கோயிலில் நடந்த ஒரு உபன்யாசத்தைப் பற்றிச் சொன்னார். உபன்யாசம் செய்த பண்டிதர், "ஹாஸ்யம் என்பது நவரஸங்களில் ஒன்று. அது ரிஷிகள் கண்டு சொன்னது. தமிழனுக்கு அழத் தெரியும், அடித்துக்கொள்ளத் தெரியும். சிரிப்பை ஒரு சாஸ்திரமாக வகுத்துக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். இந்தப் பகுத்தறிவுக்காரர்கள் செய்வது ஹாஸ்யமல்ல, வெறும் கேலி. கேலி என்பது கீழ்மக்கள் காரியம்" என்று பேசினாராம். ஜனங்களும் கை தட்டினார்களாம். வாலிபர் நம்மைக் கேட்டது ஒரே கேள்விதான். "ஏன் அய்யா, சிரிப்புக்குக்கூட நமக்கு ஒரு சொந்தச் சொல் கிடையாதா?"

பஸ் வந்துவிட்டபடியால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கு எழுதுகின்றோம். நாம் பண்டிதருமல்ல, பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவருமல்ல. ஆனால் அச்சிட்ட புத்தகம் யார் கைக்கும் வரும். தமிழிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-லேயே சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பண்டிதர் ரிஷி வாக்கு என்று சொல்லும் பரத முனியின் நாட்டிய சாஸ்திரமும் 1894-ல் பம்பாயில் அச்சாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சங்கதி வெளியாகின்றது.

முதலில் பண்டிதரின் கணக்கே தப்பு. நவரஸம் என்று அவர் சொன்னார். ஆனால் பரத முனி வகுத்துச் சொன்ன ரஸங்கள் எட்டுத்தான். சாந்தம் என்ற ஒன்பதாவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தம்முடைய ரிஷி என்ன சொன்னார் என்று எண்ணிக்கூடப் பார்க்காதவர், நமக்குச் சொல்லே கிடையாது என்று தீர்ப்புச் சொல்லுகின்றார்! அது போகட்டும். அவர் இழிவென்று தள்ளினாரே கேலி, அந்தச் சொல்லும் வடமொழியிலிருந்து வந்ததுதான். விளையாட்டு என்பது அதன் பொருள். நம்மைத் திட்டுவதற்கும் அவர் தம் வீட்டுச் சொல்லைத்தான் எடுத்திருக்கின்றார்.

இனி ஹாஸ்யம் என்ற சொல்லுக்கு வருவோம். சிரித்தல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து பிறந்தது அது. ஹாசம் என்றால் சிரிப்பு. பரிகாசமும் மந்தகாசமும் அட்டகாசமும் அதன் பிள்ளைகள். ஒரு பாஷையில் சிரிப்புக்குச் சொல் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபணையில்லை. எந்த மனிதனுக்கும் சிரிப்பு வரும், எந்த பாஷையிலும் அதற்குப் பெயர் இருக்கும். நாம் பார்க்கவேண்டியது அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சாஸ்திரம் என்ன செய்தது என்பதுதான்.

நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாவது அத்தியாயத்தில் ஹாஸ்யத்துக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கின்றது, அது வெள்ளை. ஒரு தெய்வமும் கொடுத்திருக்கின்றது. அது பிரமதர் என்னும் பூதகணம். சிரிப்புக்கு எதற்கு நிறமும் தெய்வமும் என்று கேட்டால் பதிலில்லை. அதுவாவது விளையாட்டாகப் போகட்டும். அதற்கு மேலே நடப்பதுதான் விசேஷம். சிரிப்பை ஆறு வகையாகப் பிரித்து, இரண்டிரண்டாகக் கட்டி, முதலிரண்டு உத்தமர்களுக்கு, நடு இரண்டு மத்திமர்களுக்கு, கடைசி இரண்டு அதமர்களுக்கு என்று பங்கு போட்டிருக்கின்றது! உத்தமன் சிரித்தால் கன்னம் கொஞ்சம் மலரலாம், பல் தெரியக்கூடாது. மிஞ்சிப்போனால் இலேசாகத் தெரியலாம். மத்திமன் கொஞ்சம் சப்தம் போடலாம், மூக்கு விரியலாம். கண்ணில் நீர் வரச் சிரிப்பதும், தலையும் தோளும் குலுங்கச் சிரிப்பதும், விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு இரைந்து சிரிப்பதும் அதமனுடைய சிரிப்பு.

தோழர்களே! நீங்கள் கடைசியாக விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எப்பொழுது என்று யோசித்துப் பாருங்கள். சாஸ்திரப்படி நீங்கள் எந்த வகுப்பு என்பது தானே விளங்கிவிடும்.

இன்னும் ஒன்று. இந்த ரஸம் பெரும்பாலும் பெண்களிடத்திலும் தாழ்ந்த இயல்புடையவர்களிடத்திலும்தான் காணப்படும் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கின்றது. பெண்களையும் தாழ்ந்தவர்களையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குச் சமாதானம் சொல்ல வருபவர்கள், "அங்கே உத்தமர், அதமர் என்பது நாடகப் பாத்திரங்களின் குணத்தைப் பற்றியது, சாதியைப் பற்றியதல்ல" என்பார்கள். சரி என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாடகங்களில் ராஜாவும் மந்திரியும் சமஸ்கிருதம் பேசுவார்கள். பெண்களும் வேலைக்காரர்களும் பெரும்பாலும் பிராகிருதந்தான் பேசவேண்டும். ராணியானாலும் அநேகமாக அதே கதிதான். குணத்தைப் பார்த்து வகுத்ததென்றால், குணமுள்ள வேலைக்காரன் ஒருவன்கூட அத்தனை நாடகத்திலும் அகப்படவில்லையா? பாஷையைப் பிறப்புப் பார்த்துப் பங்கிட்டவர்கள் சிரிப்பை மட்டும் குணம் பார்த்துப் பங்கிட்டார்கள் என்றால் நம்புவதற்கு நாமென்ன குழந்தைகளா?

இந்த ஏற்பாடு புத்தகத்தோடு நின்றிருந்தால் நாம் எழுத வேண்டியதில்லை. நம் கதாகாலட்சேபங்களைக் கேளுங்கள். தேவன் சிரித்தால் மந்தகாசம், அரக்கன் சிரித்தால் அட்டகாசம். இரண்டும் சிரிப்புத்தான். முதற்சொல்லுக்கு மெல்லிய சிரிப்பு என்றும், பின்சொல்லுக்குப் பெருஞ்சிரிப்பு என்றும்தான் பொருள். ஆனால் இன்று தமிழில் ஒருவன் அட்டகாசம் செய்கிறான் என்றால் அவன் சிரிக்கிறான் என்றா அர்த்தம்? ரகளை செய்கிறான், அக்கிரமம் செய்கிறான் என்று அர்த்தம். வாய்விட்டுச் சிரிப்பது அரக்கன் காரியம் என்று கேட்டுக் கேட்டுச் சொல்லின் பொருளே மாறிவிட்டது. ஆனால் முப்புரத்தைச் சிரித்தே எரித்தார் சிவபெருமான் என்கிற கதையில் மட்டும் அதே பெருஞ்சிரிப்பு திருவிளையாடலாகிவிடும்! மூன்று ஊரை எரித்த சிரிப்புக்குப் பூசை, ஊரில் ஒரு ஏழை சிரித்தால் அட்டகாசம்.

நிற்க. நம்முடைய சொல் நகை. நகு என்பது அதன் வேர். தெலுங்கிலும் கன்னடத்திலும் நகு என்றாலே சிரித்தல்தான். ஆகவே இது இரவல் வாங்கிய சொல்லல்ல, பக்கத்து வீட்டு அக்கா தங்கைகளும் சேர்ந்து வைத்திருக்கும் குடும்பச் சொத்து. நகு என்பதற்கு ஒளிவிடுதல் என்றும் பொருளுண்டு. சிரித்தால் பல் ஒளிவிடுகின்றது, முகம் ஒளிவிடுகின்றது. அதனால் பழைய நூல்களில் நகை என்றால் சிரிப்பு, பல், ஒளி ஆகிய எல்லாம் ஆகும். பொன்னும் மணியும் ஒளிவிடுகின்றபடியால் அணிகலனுக்கும் அதே பெயர் ஆயிற்று. இந்த அணிகலன் சங்கதிக்குப் பின்னால் வருவோம்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்லுகின்றார். மெய்ப்பாடு என்றால் மனத்திலே உண்டானது உடம்பிலே தெரிவது. அந்த எட்டில் முதலாவதாக வைத்தது நகையை. பரத முனியின் வரிசையில் சிருங்காரம் முதல், ஹாஸ்யம் அதற்குப் பின்னால். வரிசையை வைத்துப் பெருமை பேசுவது சிறுபிள்ளைத்தனம், அதை நாம் செய்யவில்லை. நாம் கேட்பது, நகை எதனால் பிறக்கின்றது என்பதற்கு அவர் என்ன சொன்னார் என்பதே. நான்கு காரணம் சொன்னார். நிறம் சொல்லவில்லை, தெய்வம் சொல்லவில்லை, யார் எவ்வளவு சிரிக்கலாம் என்று படி போடவுமில்லை. பின்னால் வந்த உரைகாரர் முறுவல், அளவான சிரிப்பு, பெருஞ்சிரிப்பு என்று மூன்று சொன்னபோதும் அது சிரிப்பின் அளவே தவிர ஆளின் அந்தஸ்து அல்ல.

அந்த நான்கு காரணத்தில் முதலாவது என்ன தெரியுமா? எள்ளல்! அதாவது பண்டிதர் கீழ்மக்கள் காரியம் என்றாரே, அதே கேலி. அதற்கு உரை சொன்னவர்கள், தான் பிறரை எள்ளிச் சிரிப்பது மாத்திரமல்ல, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். தன்னைக் கேலி செய்தால் தானும் சிரிக்கத் தெரிந்தவனே சிரிக்கத் தெரிந்தவன். நம்மைக் கேலி செய்யட்டும், நாமும் சிரிக்கின்றோம். அவர்களைக் கேலி செய்தால் மட்டும் மனம் புண்பட்டுவிட்டது என்று போலீசுக்கு ஓடுவானேன்?

இளமை மற்றொரு காரணம். குழந்தையின் மழலையும் விளையாட்டும் சிரிப்பு மூட்டுவதைச் சொல்லவேண்டியதில்லை. பேதைமை என்பது அறியாமை. நாலாவதாக நிற்பது மடன். அதுதான் நாம் நின்று பார்க்கவேண்டிய இடம். மடன் என்றால் வெறும் முட்டாள்தனம் என்று நினைத்துவிடக்கூடாது. அது முன்னமே பேதைமையில் அடங்கிவிட்டது. மடனுக்குப் பழைய உரைகாரர் சொன்ன பொருள், பிறர் கற்பித்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்டதைப் பின்பு எக்காரணங்கொண்டும் விடாமலிருப்பது என்பதாகும். இதைவிட மூடநம்பிக்கைக்கு வேறு என்ன வியாக்கியானம் வேண்டும்? பாட்டன் சொன்னான், அப்பன் செய்தான், நான் விடமாட்டேன் என்பவனைப் பார்த்தால் சிரிப்பு வரவேண்டும் என்பது பழைய இலக்கணத்திலேயே இருக்கின்றது.

இதற்கு எதிரே ஹாஸ்யம் எதனால் பிறக்கின்றது என்று பரத முனி சொன்னதை வைத்துப் பாருங்கள். உளறலையும் பிறர் குற்றத்தையும் அவரும் சொல்லியிருக்கின்றார் என்பது வாஸ்தவந்தான். ஆனால் முன்னே நிற்பது விகாரமான வேஷம், விகாரமான அணிகலன். கூடவே அங்கஹீனமுள்ளவரைக் காண்பதும் ஒரு காரணம். விகடம் என்ற சொல்லைத் தமிழர்கள் வேடிக்கை என்ற பொருளில் வழங்குகின்றோம். வடமொழியில் அதற்கு உருவம் கோணிய, கோரமான என்று பொருள். கூனனையும் குள்ளனையும் மேடையில் கொண்டுவந்து நிறுத்திச் சிரிப்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள இதுவே போதும்.

இதைச் சொல்லிவிட்டு நம்மவர்கள் மார்தட்டவும் இடமில்லை. நம் தமிழ்ச் சினிமாவிலே இன்றைக்கும் கறுப்பு நிறத்தவனையும், வழுக்கைத் தலையனையும், திக்கிப் பேசுகிறவனையும், பருத்த பெண்ணையும் காட்டித்தானே கொட்டகையைச் சிரிக்க வைக்கின்றார்கள்? நகைச்சுவை என்று நல்ல தமிழிலே பெயர் வைத்துக்கொண்டு விகடத்தைத்தான் விற்கின்றார்கள். கறுப்பாகப் பிறந்தது அவன் குற்றமா? திக்குவாய் அவன் தேடிக்கொண்டதா? ஒருவன் தேடிக்கொண்ட மடமையைப் பார்த்துச் சிரித்தால் அவன் அதை விட்டுவிடலாம். பிறப்பில் வந்த நிறத்தைப் பார்த்துச் சிரித்தால் அவன் எதை விடுவான்? பெயரை மாற்றிவிட்டால் பண்டம் மாறிவிடாது என்பதை நமது தனித்தமிழ் நண்பர்களுக்கும் சொல்லுகின்றோம்.

தனித்தமிழ் நண்பர்கள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகின்றது. "அப்படியானால் பரிகாசம், தமாஷ், ஜோக் எல்லாவற்றையும் துரத்திவிட வேண்டியதுதானே" என்று கேட்பார்கள். தமாஷ் அரபியில் புறப்பட்டு, பாரசீகம் வழியாக, இந்துஸ்தானி பேசின சிப்பாய்களோடும் வியாபாரிகளோடும் நம் ஊர்ச் சந்தைக்கு வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். இங்கிலீஷ்காரன் சிரிப்புக்கு வைத்திருக்கும் ஹ்யூமர் என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. லத்தீனில் அதற்கு ஈரம், நீர் என்று பொருள். நம் வைத்தியர்கள் வாத பித்த சிலேத்துமம் என்று மூன்று சொல்வதுபோல, ஐரோப்பிய வைத்தியர்கள் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று உடம்பில் நாலு நீர் இருப்பதாக நம்பினார்கள். ஒரு நீர் மிஞ்சினால் மனிதன் கோணல் குணக்காரனாவான் என்றார்கள். கோணல் குணக்காரனை நாடகத்தில் போட்டுச் சிரித்தார்கள். பென் ஜான்சன் என்பவர் அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து எழுதின நாடகம் 1598-ல் லண்டனில் நடந்தது. நாளடைவில் அந்தச் சொல் சிரிப்புக்கே பெயராயிற்று. பிறகு மனித உடம்பை அறுத்துப் பார்த்து ஆராய்ச்சி செய்து நாலு நீர் வைத்தியத்தைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நாமும் அதைத்தான் சொல்லுகின்றோம். ஹாஸ்யம் என்ற சொல் ஒருவர் வாயில் வந்துவிட்டால் குடி முழுகிவிடாது. உத்தமன் சிரிப்பு, அதமன் சிரிப்பு என்ற கணக்குத்தான் குப்பைக்குப் போகவேண்டும்.

இனித் தொல்காப்பியரிடமே வருவோம். அவர் நம்மவர் என்பதற்காக அவரை விட்டுவிடுவதென்றால் நாமும் மடன் கொண்டவர்களாகி விடுவோம். மெய்ப்பாட்டியலில் மடன் என்பதைச் சிரிப்புக்குக் காரணம் என்று சொன்னவர், களவியலில் அச்சம், நாணம் என்பவற்றோடு அதே மடனைப் பெண்களுக்கு எப்போதும் உரிய குணமாக வைத்துவிட்டார்! இதற்குப் பண்டிதர்கள் என்ன வியாக்கியானம் செய்தாலும் விஷயம் இதுதான். கற்பித்ததைக் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டிருப்பது ஆண்பிள்ளைக்கு வந்தால் நகைப்புக்கு இடம், பெண்ணுக்கு வந்தால் அணிகலன்! எள்ளல் என்ற ஆயுதத்தை நமக்கு எடுத்துக் கொடுத்தவரையே அந்த ஆயுதத்தால் தொட்டுப் பார்க்கவேண்டியிருக்கின்றது.

பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு என்று நம் கிராமங்களில் சொல்லாதவர் யார்? இது ரிஷி சொன்னதல்ல, நாமே சொல்லிக்கொண்டது. பாரதக் கூத்து நடக்காத ஊர் எது? துரியோதனன் தண்ணீரைத் தரையென்று நினைத்து வழுக்கி விழுந்தபோது பீமன் முதலான ஆண்களும் சிரித்ததாகத்தான் பாரதக் கதையிலே இருக்கின்றது. ஆனால் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "திரௌபதி சிரித்தாள், பாரத யுத்தம் வந்தது" என்பார்கள். நாட்டைச் சூதாடித் தோற்றவன் மேல் பழியில்லை, பெண்டாட்டியைப் பந்தயம் வைத்தவன் மேல் பழியில்லை, கூடச் சிரித்த பீமன் மேலும் பழியில்லை. பதினெட்டு நாள் யுத்தத்துக்கும் பொறுப்பு ஒரு பெண்ணின் பல் தெரிந்தது!

ஆகவே பெண்ணுக்கு நகை ஆகாது என்று ஆயிற்று. அதற்குப் பதிலாக எதைக் கொடுத்தார்கள்? நகையைத்தான் கொடுத்தார்கள். ஒரு நகையைக் கழுத்திலும் காதிலும் மூக்கிலும் மாட்டிவிட்டு மற்றொரு நகையை வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். தெருவில் நடக்கும்போது அவள் சிரிக்கக்கூடாது, அவளுக்காக அவள் கொலுசு சிரித்துக்கொண்டு போகும்!

ஆனால் இந்த இரண்டாவது நகைகூட எல்லாருக்கும் கிடைத்ததா? 1930-ம் வருஷம் டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் மேல்சாதியென்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பவையும் அதில் அடக்கம். மறுவருஷம் தடைகளைப் பதினொன்றாகப் பெருக்கினார்கள். ஹட்டன் துரை என்ற சென்சஸ் உத்தியோகஸ்தர் இதைப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கின்றார். நகை வேண்டாம், அது அடிமைத் தளை என்று நாம் நம் பெண்களிடம் சொல்வது வேறு. நீ நகை போடாதே, போட்டால் உதைப்பேன் என்று ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்வது வேறு. முன்னது கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம். பின்னது, உன் உடம்பில் ஒளி தெரியக்கூடாது என்ற உத்தரவு. பல்லின் ஒளியும் கூடாது, பொன்னின் ஒளியும் கூடாது!

சிரிப்பு அவ்வளவு ஆபத்தான பண்டமா என்று சிலர் கேட்கலாம். ஆபத்தானதென்று ஆளுகிறவர்களுக்குத் தெரியும். நாடகங்களை அடக்க வெள்ளைக்காரன் 1876-ல் ஒரு சட்டம் போட்டான். வெள்ளைக்காரன் போன பின்பு 1954-ல் சென்னை இராஜ்யத்தில் மறுபடியும் ஒரு நாடகச் சட்டம் வந்தது. எம். ஆர். ராதா இராமாயணத்தை மேடையில் போட்டு ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜனங்கள் அழுதுகொண்டிருந்தால் சட்டம் வராது. பட்டினியால் அழுதாலும் வராது, சாமி கும்பிட்டு அழுதாலும் வராது. அவர்கள் சிரிக்க ஆரம்பித்தவுடனே சட்டசபை கூடுகின்றது. தெருக்கூத்திலே கட்டியங்காரன் ராஜாவின் முகத்துக்கு நேரே நையாண்டி செய்வானே, அந்த உரிமை கூத்தில் இருந்தது, சட்டத்தில் இல்லை.

வாலிபத் தோழருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்று அவர் ஊர்க் கூட்டத்தில், சோதிடம் பார்த்துப் பத்துப் பொருத்தமும் இருக்கிறதென்று கட்டிவைத்த கல்யாணம் ஒன்றைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தோம். பெண்கள் ஒரு பக்கமாக, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் வயதான ஒரு அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். உடனே அந்தப் பக்கம் முழுவதும் சிரிப்பு. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி அவர்களை முறைத்தார். நாம் பேச்சை நிறுத்திவிட்டு, "பெரியவரே, இங்கே பேசுகிறவன் நான், அங்கே என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டோம். அந்த அம்மாள், "அவருக்கும் பத்துப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவச்சாங்க, கேட்டுப் பாருங்க" என்றார்கள். பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தது.